பக்கத்து வீட்டு மனேஜர்

சனிக்கிழமை காலைகளில் என் கணவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுவர் வழியாகத்தான் கேட்கும்.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் கதவுக்கு அடுத்த கதவு அந்த மனிதருடையது. இங்கிலாந்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் கரீபியன் தீவொன்றிலிருந்து அங்கே போய், ஒருவர் பஸ் ஓட்டியும் மற்றவர் ஆஸ்பத்திரியில் துடைத்துக் கழுவியும் பிள்ளைகளை வளர்த்தவர்கள். தமக்கைக்குத் துணையாக மொன்றியலுக்கு வந்தவர், தமக்கை இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. எழுபதை நெருங்கும் வயது. நல்ல உயரம். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கறுப்பினத்தவர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்லப்போவது விளங்காது.

என் கணவர் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் தட்டுகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள். அவர் வீட்டில் அதிகம் கதைக்கிறவர் இல்லை. கதவைப் பூட்டினீரோ, ஹீட்டரைக் குறைச்சனீரோ, என்ன கறி. அவ்வளவுதான். அது அவருடைய சுபாவம் என்று கல்யாணம் முடித்த காலத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டேன். சில ஆண்கள் அப்படித்தான் என்று என் சிநேகிதிகளுக்கு நானே சொல்லியும் இருக்கிறேன்.

பிறகு பக்கத்து வீட்டில் அவர் கதைப்பது கேட்கத் தொடங்கியது.

இங்கிலாந்து மைதானங்களில் மத்தியானம் நடக்கிற உதைபந்தாட்டம் எங்களுக்கு விடிந்த கையோடு வந்துவிடும். அதைப் பார்க்கத்தான் போகிறார் என்று தெரியும். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும் அதே ஆட்டம்தான் வரும். ஆனால் அவர் நான் பொரித்து வைத்த கட்லட்டில் பாதியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, "வாறன்" என்று சொல்லிவிட்டு அங்கே போய்விடுவார். போனதும் அந்தச் சிரிப்பு. பிறகு நீளமான பேச்சு, ஒரு வாத்தியாரைப் போல, நிறுத்தி நிறுத்தி. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. இவருடைய ஆங்கிலமோ களஞ்சியத்தில் பழகிய ஆங்கிலம். அதற்குள் இவ்வளவு கதை எங்கே இருந்தது?

அடுத்த வீட்டில் ஒரு பெண் இருந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். காலை இழுத்து நடக்கிற ஒரு கிழவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? லிஃப்டில் கண்டால் அவர் தொப்பியைக் கழற்றி "குட் மோர்னிங்" சொல்வார். நான் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். அவருக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லை என்று தெரிந்துதான் அப்படிச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், மிச்சக் கட்லட்டையும் எடுத்துக்கொண்டு நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"நீரும் வந்திட்டீரோ?" என்றார் என் கணவர். குரலில் சந்தோஷம் இல்லை. அந்த மனிதர்தான் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தந்தார்.

அன்றைக்குத்தான் அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கண்டேன். பந்தை மட்டும் பார்க்கவில்லை. கமரா மைதானத்து ஓரத்துக்குத் திரும்பி, அங்கே நீள வாங்கில் இருந்து அணியை நடத்துகிற மனேஜர்களைக் காட்டும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக முன்னுக்குச் சாய்ந்தார்கள். பிறகு ஒன்றாகப் பின்னுக்குப் போனார்கள்.

"என்ன பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

என் கணவர் அந்த மனிதரைப் பார்த்தார், நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல. அவர் ஆங்கிலத்தில், எனக்காக மெதுவாகச் சொன்னார்.

"மைதானத்தைப் பாருங்கள். எத்தனை கறுப்பு முகம். இப்போது வாங்கைப் பாருங்கள்."

அவர் அங்கே ஒரு நகரத்து உதைபந்துக் கழகத்தில் பையனாகச் சேர்ந்து பயின்றவர். பெரியவர்களின் ரிசர்வ் அணி வரைக்கும் போயிருக்கிறார். இங்கிலாந்தில் கறுப்பு ஆட்டக்காரர்கள் நேற்று வந்தவர்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நூறு வருஷத்துக்கு முந்தியே ஒரு கறுப்பர் அங்கே கோல் கீப்பராக நின்றிருக்கிறார் என்றார். அப்படிச் சொல்லும்போது ஏனோ என் கணவரின் தோளைத் தட்டினார். பிறகு இடையில் எவ்வளவோ காலம் ஒருவர் இருவர்தான். தன்னுடைய காலத்தில்தான் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்களுக்கு வாழைப்பழம் எறிந்தார்கள். பந்து காலுக்கு வந்தால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து குரங்குபோலச் சத்தமிட்டார்கள். சொந்த அணியின் உடுப்பு மாற்றுகிற அறையிலும் அதே பகிடிதான். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்று பெயர் வரும்.

"சிரித்தீர்களா?" என்று கேட்டேன்.

"சில நாட்களில்," என்றார்.

முழங்கால் உடைந்ததும் ஆட்டம் முடிந்தது. பயிற்றுநராகப் படித்தார். எல்லாச் சான்றிதழும் எடுத்தார். இடம் காலியான கழகங்களுக்கெல்லாம் விண்ணப்பித்தார். வேலை ஒவ்வொரு முறையும் இன்னொருவருக்குப் போனது. அவர்களில் சிலர் வகுப்பில் இவரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தவர்கள்.

"ஓடு என்றால் ஓடவிட்டார்கள். யார் ஓடவேண்டும் என்று சொல்ல மட்டும் விடவில்லை. இப்போது கொஞ்சம் பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் தோற்றால் முதலில் வீட்டுக்குப் போவதும் அவர்கள்தான்."

எனக்கு மனம் இளகத்தான் செய்தது. அப்போது அவர் சொன்னார்:

"இதையெல்லாம் உங்கள் கணவருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மீன்தலையால் எறி வாங்கிய ஆளல்லவா!"

என்ன மீன்தலை?

என் கணவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டு கட்லட் நல்லாயிருக்கிறது என்றார். நான் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். இடைவேளை வரைக்கும் இருந்துவிட்டு, அடுப்பில் கறி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டேன்.

"என்ன மீன்தலை?"

"அது ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை அந்தாளுக்குச் சொல்லத் தெரியுது."

அவர் சப்பாத்தைக் கழற்றியபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மன்னாரில் அவருடைய மாதா கோயில் பங்கின் அணிக்கு அவர்தான் கோல் கீப்பர். அது எனக்குத் தெரியும். ஒருமுறை வெளியூர்ப் பெரிய கழகமொன்றோடு கடைசி ஆட்டம். அந்த ஊர்ச் சனம் இவருடைய கோலுக்குப் பின்னால் வந்து நின்று, மீன் நாறுது, மீன் நாறுது என்று ஆட்டம் முழுக்கப் பாடியது. பிறகு சந்தையில் பொறுக்கிய மீன்தலைகளை எறிந்தது. ஒன்று கழுத்தில் பட்டுப் பெனியனுக்குள்ளே போனது. அவர் அதை எடுக்கக் குனிந்த நேரத்தில் பந்து உள்ளே போனது. அந்தக் கோலோடு தோற்றுப்போய் பஸ் ஏறினார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"அவர் கேட்டவரோ?"

"அவர் தன்ரை வாழைப்பழக் கதையைச் சொன்னார். பேந்து நானும் சொன்னன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நானும் மீன்பிடிக்கிற சாதியில் பிறந்த கடற்கரைப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறியவள். அந்தக் கதையை அவர் எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

"சாதி எண்டதை எப்பிடி இங்கிலீசில சொன்னனியள்?"

"சொல்லத் தெரியேல்லை," என்றார். "ஆனா அவருக்கு விளங்கிச்சுது."

அதுதான் என்னைச் சுட்டது. மற்றதெல்லாம் பொறுக்கலாம்.

கோடைகாலத்தில் எங்கள் பங்கு மக்களின் விளையாட்டு விழா நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கத்துப் பூங்காவில் நடக்கும். வேறு தமிழ் அணிகளும் வரும். உதைபந்தாட்டத்தில் எங்கள் அணி தோற்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. விளையாட்டுக் குழுவுக்குத் தலைவர் என் அண்ணை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவரிடம் என் கணவர் கதையைத் தொடங்கினார்.

"மச்சான், இந்த முறை ஒரு நல்ல கோச் பிடிப்பம். பக்கத்து வீட்டு ஐயா இருக்கிறார். இங்கிலாந்தில படிச்சுச் சான்றிதழ் எடுத்தவர். காசும் கேக்கமாட்டார்."

அண்ணை எலும்பைக் கடித்தபடி கேட்டார்: "ஆர், அந்தக் கறுவலோ?"

"ஓம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ மச்சான். எங்கட பெடியள் ஒரு கறுவல் சொல்லிக் கேப்பாங்களோ?"

"போன வருசம் அந்தக் கறுப்பு ஹைட்டிக்காரனை நீங்கள்தானே கூட்டிவந்து விளையாட விட்டனியள்? அவன் கோல் அடிக்கத் தோளிலை தூக்கிக்கொண்டு ஆடினது ஆர்?"

"அது விளையாடுறது. அதுக்கு ஆரும் வரலாம். கோச் எண்டா வேறை. எங்கட சனத்தில ஆக்கள் இல்லையோ?"

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. அந்த மனிதர் பயிற்றுநராக வந்தால் சனிக்கிழமையோடு மற்ற நாட்களும் போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சோறு பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மீன்தலையைப் பற்றிச் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை. எனக்காக அவர் ஒருநாளும் அப்படி நொந்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். பக்கத்துக் கதவு திறந்திருந்தது.

"குழு வேறொருவரை முன்னமே தெரிந்தெடுத்துவிட்டதாம்," என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு சிரித்தார்.

"மிகவும் தகுதியானவராம், அப்படித்தானே? பரவாயில்லை. இந்தப் பதிலோடு எனக்கு நல்ல பழக்கம்."

நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன். ஊற்றும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது.

விழாவில் பெண்களுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், கல்யாணமாகாதவர்கள் மறுபக்கம். சாக்கோட்டத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் எல்லோரும் சிரிப்பதற்காக வைத்தது. அதற்கு யார் பயிற்றுநர் என்று எந்தக் குழுவும் கேட்கப்போவதில்லை. அடுத்த நாள் என் கணவர் வேலையில் நிற்கும்போது அந்தக் கதவைத் தட்டி, கல்யாணமான பெண்களுக்கு மனேஜராக வருவீர்களா என்று கேட்டேன்.

நியாயத்துக்காகக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். நியாயமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதரிடம் என் கணவர் போய் அள்ளிவருவது எதுவோ, அதில் எனக்கும் பங்கு வேண்டியிருந்தது. அதுதான் பெரிய காரணம்.

அவர் சிரிக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆட்டம், எதிரணியின் சராசரி வயது என்ன என்று கேட்டார். பிறகு, "எல்லோருக்கும் முழங்கால் எப்படி?" என்றார்.

வேலை முடிந்த பின்னேரங்களில் பூங்காவில் பயிற்சி நடந்தது. நாங்கள் பகிடிக்காகத்தான் போனோம். அவர் ஒரு பகிடியும் விடவில்லை. யார் எந்தக் காலால் உதைப்பது, யார் யாரைப் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார். "நீங்கள் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. லிஃப்டிலேயே கண்டுவிட்டேன்," என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன்.

சந்தோஷம் கெட்டது இன்னொருத்தியால். என் ஆஸ்பத்திரியிலேயே வார்ட்டில் நோயாளிகளைத் தூக்கிப் பராமரிக்கிற வேலை செய்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், இரண்டு பிள்ளைகளின் தாய். பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டதுபோல ஓடினாள். மற்ற எல்லோருக்கும் விளக்கம் சொல்கிற மனிதர், அவளைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எவ்வளவு ஓடினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பயிற்சி முடியும்போது கம்பிவேலிக்கு அப்பால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்திலிருந்து நேரே வந்திருக்கிறார், சாப்பாட்டுப் பை கையில்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மெத்ரோவில் கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலின் ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது?

விழாவன்று நல்ல வெயில். பக்கத்து வீட்டு மனேஜர் கறுப்புக் கோட்டும் சூட்டும் டையும் போட்டு, சப்பாத்தை மினுக்கிக்கொண்டு வந்தார். மற்ற ஆண்கள் அரைக்காற்சட்டையோடு ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றார்கள். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்:

"ஆரடா அந்தக் கறுவல்? கலியாண வீடெண்டு நினைச்சு வந்திட்டாரோ?"

சிரிப்பு எழும்பியது. அதற்குள் என் கணவரின் குரல் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

"எங்கட மனேஜர்! அவர் நிக்கிற இடத்தில வழி விட்டு நில்லுங்கோ."

அண்ணை ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார்.

வார்ட்டுக்காரி வேலை முடிந்து வரப் பிந்தியதால் அவள் இல்லாமலே தொடங்கினோம். குமர்ப்பிள்ளைகள் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நான் இரண்டு மூன்று தரம் பந்தை மறித்தேன், ஒருமுறை என் முகத்தாலேயே மறித்தேன். சனம் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. ஓரத்தைப் பார்த்தால் அவள் வந்து நிற்கிறாள், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. மனேஜர் கையை உயர்த்தி, என்னை வெளியே வரச்சொல்லி என் பெயரைச் சொன்னார்.

நான் கேளாததுபோல நின்றேன். அவர் திரும்பச் சொன்னார். கையை இறக்கவில்லை. முழு மைதானமும் எனக்காக நின்றது. நான் நடந்துபோனேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக.

வாங்கில் இருந்து தண்ணீர் குடித்தேன். கண்ணீர் வரும்போல இருந்தது, அவ்வளவு கோபம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. நொண்டிக்கால் நோக நோக முழு நேரமும் நின்றபடி கத்திக்கொண்டிருந்தார். டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது. வெயிலில் சட்டைக் கொலர் நனைந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கோலைக் காப்பவளை ஓரடி முன்னுக்கு வரச்சொன்னார், வந்தாள். இடப்பக்கம் போகச்சொன்னார், போனார்கள். அவர் சொல்ல ஆட்கள் அசைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நான் வாங்கிலிருந்துதான் கண்டேன். ஆடிக்கொண்டிருந்திருந்தால் கண்டிருக்க மாட்டேன்.

வார்ட்டுக்காரி கோல் அடித்தாள். அந்த ஒரு கோலோடு நாங்கள் வென்றோம். விசில் ஊதியதும் அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்துபோய், எதிரணியைப் பார்த்துக்கொண்ட ஞாயிறுப் பள்ளி ஆசிரியைக்குக் கை கொடுத்தார். அந்தப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தது. என் கணவர் கைதட்டிக்கொண்டே நின்றார். யாருக்குத் தட்டினார் என்று நான் கேட்கவில்லை.

ஆண்கள் அணி அந்த வருஷமும் தோற்றது.

அடுத்த வருஷம் பனி கரைந்த கையோடு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, அந்த ஐயாவை ஒருக்காக் கண்டு கதைக்கலாமோ?" என்றார். ஐயா! நாங்கள் மூவருமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஆண்கள் அணியை எடுத்து நடத்துவீர்களா என்று கேட்டார். மற்றவர் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருப்பது அண்ணைக்குப் பழக்கமில்லாத வேலை. கதிரை நுனியில் இருந்தார்.

அந்த மனிதர் நன்றி சொன்னார். பிறகு, "எனக்கு ஏற்கெனவே ஒரு அணி இருக்கிறது. என் கப்டனைக் கேட்கவேண்டும்," என்றார்.

நான் நிமிர்ந்து இருந்தேன். என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்ன பெயர் வார்ட்டுக்காரியின் பெயர்.

அண்ணை என்னைப் பார்த்தார். என் கணவரும் பார்த்தார், அவர் மீசைக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. நான் போனை எடுத்து அவளுடைய இலக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். மனேஜர் அங்கேயே அவளோடு கதைத்துவிட்டுச் சொன்னார், அவள் அதிகம் யோசிக்கவில்லையாம். பெண்களின் பயிற்சி முதலில், பெண்களுக்கு நல்ல மைதானம், பிறகு ஆண்களுக்கு அவரை விடலாம் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணை ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த நிபந்தனையை நானே முதலில் போட்டிருக்கவேண்டும். அது எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.